பாகீரதியம்மாள் நினைவுக் கட்டில்

சர்வஜன ஆரோக்கிய மண்டலியில் ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு கமிட்டி அமைப்பார்கள். பொருள் பிறகு வரும்; சில சமயம் வராது. கமிட்டி மட்டும் நிலைத்திருக்கும். குடிநீர் இயந்திரம் வாங்குவதற்காக அமைத்த கமிட்டி, இயந்திரம் வந்து, பழுதாகி, பழைய இரும்பு வாங்குகிற பங்கார்காரன் தூக்கிக்கொண்டு போன பிறகும் மாதம் தவறாமல் கூடி, போண்டா சாப்பிட்டு, நன்றியுரை சொல்லிக் கலைந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் காலமானபோது இரங்கல் கூட்டத்தில், "குடிநீருக்காகவே வாழ்ந்தவர்" என்றார்கள்.

மண்டலி இருக்கிற மும்பை மாதுங்காவில் யாருக்கும் இதில் வியப்பில்லை. சாருலதா டோம்பிவிலியிலிருந்து வருகிறவள். பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்து அதிக காலமும் ஆகவில்லை. விவரம் தெரியாமல் ஒருநாள் செயலாளர் சாய்நாத்திடம், "மாமா, பிசியோ ரூமுக்கு ஒரு கட்டில் வேணும்" என்று கேட்டுவிட்டாள்.

அதைக் கேட்பதற்கே அவளுக்குப் பல நாள் பிடித்தது. காலை ரயிலில் கதவோரம் நின்று, வெளியே பார்த்தபடி, உதடு மட்டும் அசைய அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பெண்கள் பெட்டியில் அவளைச் சுற்றிக் கலகலப்புக்குக் குறைவில்லை. பட்டாணி உரிப்பார்கள், பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மூலை உண்டு. சாருலதாவுக்குக் கதவு. அப்பா ஓய்வுபெற்றதும் அம்மாவோடு பாலக்காட்டுக்குப் போய்விட்டார். பிளாட்டில் அவள் மட்டும். நாள் முழுவதும் பிறரைத் தொட்டுத் தூக்கிப் பிடிக்கிற வேலை. அவளைத் தொடுவது, ஸ்டேஷனில் இறங்கும்போது முதுகில் இடிக்கிற கூட்டம் மட்டும்தான்.

கட்டில் கேட்டதற்குக் காரணம் செல்லப்பாண்டி. தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கோடையில் ஒரு மத்தியானம் கத்தரியைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். உயிர் பிழைத்தது. இடது பக்கம் மட்டும் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து எழுதிக் கொடுத்து, "பிசியோதெரபி பண்ணுங்க" என்று அனுப்பினார்கள். மனைவி பூமாரி அவரை இரவல் சக்கர நாற்காலியில் வைத்து, தாராவியிலிருந்து மாதுங்காவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாற்காலிக்குப் பிரேக் கிடையாது. அதனால் பூமாரிதான் பிரேக்.

"நிக்கணும் தாயி. அம்புட்டுத்தான்" என்றார் செல்லப்பாண்டி முதல் நாளே. நாக்கு கொஞ்சம் குழறியது. "நடக்கவெல்லாம் ஆசப்படல. கக்கூசுக்குப் போணும்னா இவ என்னத் தூக்குதா. இவளுக்கு நடு முதுகு போச்சு."

"முதுகு கெடக்கு முதுகு" என்றாள் பூமாரி. "வாயி மட்டும் நல்லாருக்கு பாருங்கம்மா. அதுக்கு ஒண்ணும் வரல."

முதல் ஆறு மாதம் முக்கியம், அப்போதுதான் மூளை வேகமாகக் கற்றுக்கொள்ளும் என்று சாருலதா அவர்களிடம் சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே இருந்தது, எப்போதோ ஒரு கண் டாக்டர் தானமாகக் கொடுத்த உயரமான மேஜை. நெஞ்சளவு உயரம், ஒரு ஆளுக்கே பற்றாத அகலம். ஏறுவதற்கு முக்காலி. அந்த முக்காலியில் கால் வைத்து மேஜைமேல் ஏறிப் படுக்க முடிகிறவனுக்கு அந்த அறைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து எழுப்பப் பார்த்தாள். நாற்காலி மொசைக் தரையில் வழுக்கிப் பின்னால் போனது. செல்லப்பாண்டி கீழே போனார். பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று வலது கையால் தடவிப் பார்க்காமல் அவர் அசைவதில்லை.

இப்படித்தான் சாருலதா கட்டில் கேட்டாள். சாய்நாத் அவளை வாத்சல்யத்தோடு பார்த்து, "ஏக்தம் நியாயமான கோரிக்கை. கமிட்டி போட்டுடலாம்" என்றார்.

*

கூட்டத்துக்கு அவளையும் கூப்பிட்டார்கள். தலைவர் அனந்தகிருஷ்ணன் பேங்க்கில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர் சாய்நாத். மகளிர் அணித் தலைவி அபயாம்பாள் மாமி எதிலிருந்தும் ஓய்வு பெறவில்லை.

"சொல்லு கொழந்தே" என்றார் தலைவர். "உன் டிமாண்ட் என்ன? டிமாண்ட் வேற, நெசசிட்டி வேற. ரெண்டையும் பிரிச்சு சொல்லணும்."

சாருலதா இந்தத் தடவை ரயிலில் தயார் செய்திருந்த மூன்று வாக்கியங்களையும் சொன்னாள். "உக்காந்தா பேஷண்டோட கால் தரைல பதியணும், மாமா. நானும் பின்னாடி உக்காந்து பிடிச்சுக்கற அளவுக்கு அகலமா இருக்கணும். ஏத்தி இறக்கற மாதிரி இருக்கணும்."



"நீ ஏன்டீ பேஷண்டோட கட்டில்ல ஏறி உக்காரணும்?" என்றாள் மாமி.

"அவாளுக்கு உடம்போட நடு எங்க இருக்குன்னு மூளைக்குத் தெரியாது மாமி. ஒரு பக்கமா சரிவா. பின்னாடி மண்டி போட்டு நான் பிடிச்சுண்டா..."

மாமி நிமிர்ந்து மின்விசிறியிடம், "கல்யாணம் ஆகாத பொண்ணு" என்றாள்.

சாய்நாத் தொண்டையைக் கனைத்தார். "அகலம்கறது ஒரு மனப்பிராந்தி. நான் சர்வீஸ்ல பாத்தவன் சொல்றேன். ஸ்லீப்பர் பெர்த் என்ன அகலம்? குர்லாலேர்ந்து கோயம்புத்தூர் வரைக்கும் ஜனங்க அதுலதான் படுத்துண்டு போறா. எத்தனை பேர் விழுந்தா? விழுந்தவா யாராவது கம்ப்ளெயிண்ட் குடுத்தாளா?"

"அவா எல்லாம் நன்னா இருக்கறவா, மாமா" என்றாள் சாருலதா. அவள் குரல் எதிரிலிருந்த காபி டம்ளர்வரைதான் போனது.

கமிட்டி அமைப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அதற்கு 'சிகிச்சைக் கட்டில் தேர்வுக் கமிட்டி' என்று பெயர் வைப்பதா, 'கட்டில் ஆலோசனை மற்றும் தேர்வுக் கமிட்டி' என்று வைப்பதா என்பதில் மீதி நேரம் போயிற்று. ஆலோசனை இல்லாமல் தேர்வு செய்தார்கள் என்ற அவப்பெயர் வரக்கூடாதென்று இரண்டாவதையே வைத்தார்கள்.

"மாமா, கட்டில் பாக்கப் போறச்சே நானும் வரட்டுமா?"

தலைவர் சிரித்தார். "நீ வரப்படாது. நீதானே அத உபயோகிக்கப்போறவ? கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட் ஆயிடும்."

"அப்ப ஒரு பேஷண்டையாவது..."

"பேஷண்டைக் கூட்டிண்டு போனா அவன் தன் சௌகரியத்தைத்தான் பாப்பான். நாம எல்லாரோட சௌகரியத்தையும் பாக்கணும். கட்டிலே வேண்டாதவா ஊர்ல எவ்வளவு பேர் இருக்கா? அவாளையும் நெனச்சுப் பாக்கணுமோன்னோ?"

*

மழைக்காலம் வந்தது. வழியில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கிய நாட்களில் பூமாரி வரவில்லை. வந்த நாட்களில் நாற்காலிச் சக்கரங்களைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். சாருலதா செல்லப்பாண்டியின் கையை நீட்டி மடக்கினாள், விரல்களைப் பிரித்தாள், காலை அசைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியதெல்லாம் செய்தாள். எழுந்து நிற்பதைத் தவிர எல்லாம் நடந்தது.

"கட்டிலு வந்துட்டா தாயி?"

"வரும்ணே. கமிட்டி பாத்துண்டிருக்கு."

"பொண்ணு பாக்கதுகூட இவ்வளவு நாளு ஆவாதே" என்றார் அவர். "எனக்கு ஒரே நாளுலதான் முடிஞ்சுது."

"அதான் அனுபவிக்கியளே" என்றாள் பூமாரி.

சாருலதா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சாயங்காலம் அம்மா போனில், "என்னடி விசேஷம்?" என்று கேட்டபோது இதைச் சொல்லலாம் என்று நினைத்தாள். விளக்கி விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

கமிட்டி நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. சயானில் மருத்துவச் சாமான் விற்கிற கடைக்கு பிளாஸ்க்கில் காபியோடு போனார்கள். கடைக்காரர் ஒரு சிந்திக்காரர்; அந்த ஒரு நாளில் ஒரு வருஷம் மூப்படைந்ததாகப் பிறகு சொன்னாராம். கமிட்டி ஒவ்வொரு கட்டிலிலும் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்துப் பார்த்தது. சாய்நாத் குறுகலான கட்டிலில் பக்கவாட்டில் படுத்து, கையைத் தலைக்கு அண்டை கொடுத்து, "கல்யாண் ஸ்டேஷன் தாண்டியாச்சு" என்றார். மாமி எதிலும் படுக்கவில்லை. ஒவ்வொரு ரெக்ஸினையும் மோதிர விரலால் தட்டிப் பார்த்து, கருநீலம் துக்கம், சிவப்பு அபாயம், பச்சை ஆஸ்பத்திரி என்று தள்ளி, கடைசியில் மயில்கழுத்து நிறம் இருக்கிறதா என்று கேட்டாள்.

தலைவர் ஒரு பெரிய கட்டிலில் ஏறினார். நரம்பு நோயாளிகளுக்கென்றே செய்தது; அகலமானது; பொத்தானை அழுத்தினால் முழங்கால் மட்டத்துக்கு இறங்கும், இடுப்புக்கு மேல் ஏறும். சாருலதா கேட்டது அதைத்தான். தலைவருக்கு அதெல்லாம் தெரியாது. படுத்தார். கண்ணை மூடினார். திறக்கவில்லை.

குறட்டை வந்தது. தலைவரை எழுப்பும் அதிகாரம் விதிமுறைகளில் யாருக்கும் தரப்படவில்லை. கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார். கமிட்டி குனிந்து உட்கார்ந்து காத்திருந்தது. ஷட்டரை மறுபடி ஏற்றும்போது தலைவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "இதுதான்" என்றார்.

தேர்வுக்கான காரணம் என்று பதிவேட்டில் எழுதினார்கள்: 'நேரடிச் சோதனையில் முழுத் திருப்தி.'

செய்தி கேட்டு சாருலதாவால் நம்பவே முடியவில்லை. அன்று மாலை ரயிலில் கதவோரம் நின்றிருந்தபோது யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். சாருலதா வாயைத் திறந்தாள். அந்தப் பெண் கொஞ்சம் நகர்ந்து இறங்குவதற்கு வழி விட்டாள்.

*

கட்டிலுக்குப் பணம் கொடுத்தவர் வெங்கி. வாஷியில் கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறார். போன வருஷம் காலமான தன் அம்மா பாகீரதியம்மாளின் நினைவாகக் கொடுத்தார். மண்டலியில் நன்கொடைக்குப் பெயர்ப்பலகை வைப்பது ஐதீகம். மின்விசிறி இறக்கையில் பெயர் உண்டு. சுற்றும்போது தெரியாது, நின்றால் படிக்கலாம். கட்டிலின் பக்கவாட்டில் பளபளவென்று பித்தளையில், 'பாகீரதியம்மாள் நினைவுக் கட்டில்' என்று பொறித்துத் திருகியாயிற்று.

திருகி முடித்ததும் மாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. பொத்தானை அழுத்தச் சொன்னாள். கட்டில் இறங்கியது. பெயர்ப்பலகையும் இறங்கி முழங்காலுக்கும் கீழே போய் நின்றது.

"சிவ சிவா" என்றாள் மாமி. "பாகீரதி மாமி பேரு எல்லார் காலடிலயும்னா வந்து நிக்கறது! போறவா வரவா கால் இடிக்கும்!"

கமிட்டி கலங்கிப் போனது. பலகையைக் கழற்றி சுவரில் வைக்கலாமே என்று சாருலதா சொன்னாள். சுவர் வேறொருவருடைய நன்கொடை என்றார் சாய்நாத்.

அன்றே தீர்மானம் ஆயிற்று. கட்டில் எப்போதும் அதிகபட்ச உயரத்திலேயே இருக்கும். ஏற்றி இறக்கும் ரிமோட் தலைவர் அறை பீரோவில் இருக்கும். சாவி செயலாளரிடம்.

"கால் தரைல படாது மாமா" என்றாள் சாருலதா. "அப்பறம் பழைய மேஜைக்கும் இதுக்கும்..."

"கொழந்தே, நீ கேட்டது என்ன? அகலம் கேட்டே. குடுத்தாச்சு. ஏறி இறங்கற கட்டில் கேட்டே. குடுத்தாச்சு. இறங்கற சக்தி அதுக்கு இருக்கு இல்லையா?"

"இருக்கு மாமா."

"சக்தி இருக்கறது வேற. அத உபயோகிக்கறது வேற. எனக்கும்தான் உன்னை டிஸ்மிஸ் பண்ற சக்தி இருக்கு. பண்றேனா?" என்று பிரியமாகக் கேட்டார் தலைவர்.

நவராத்திரி முடிந்ததும் ஒரு முகூர்த்தத்தில் திறப்பு விழா. கட்டிலுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். புது வண்டி என்றால் நசுக்கிக்கொண்டு நகர வேண்டும். இது தானாக நகராதென்பதால் சாய்நாத்தும் இன்னும் மூன்று பேரும் கட்டிலைத் தள்ளி, பழங்களை நசுக்கி, மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள்.

தலைவர் பேசினார். "இந்தக் கட்டில் ஏறும். இந்தக் கட்டில் இறங்கும். அப்படிப்பட்ட ஒன்றை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். வாங்கிய பிறகு, அது ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் நிர்வாகம். அதைத்தான் நாற்பது ஆண்டுகளாக நாம் செய்துவருகிறோம்."

கைதட்டினார்கள்.

புகைப்படத்துக்கு ஒரு பயனாளி தேவைப்பட்டார். செல்லப்பாண்டியை நான்கு பேர் தூக்கி மேலே வைத்தார்கள். முதல் படத்தில் மாமி கண்ணை மூடிவிட்டாள். அதனால் இறக்கி, மறுபடி தூக்கி வைத்தார்கள். இரண்டாவது படத்தில் பயனாளி சிரிக்கவில்லை. மூன்றாவதில் சிரித்தார், வலது பக்கம் மட்டும் சிரித்தது. போதும் என்றார்கள்.

எல்லோரும் சிற்றுண்டிக்குப் போன பிறகு அவர் உச்சியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் அந்தரத்தில் தொங்கின. வலது கை ரெக்ஸினைப் பிடித்திருந்தது. பின்னால் சாருலதா மண்டியிட்டுத் தோள்களைத் தாங்கியிருந்தாள்.

"இங்கன இருந்து பாத்தா எங்க தாராவி தெரியுது தாயி" என்றார் செல்லப்பாண்டி. பிறகு, "தரைதான் தெரியல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். வெங்கி. கையில் கேசரித் தட்டு. செல்லப்பாண்டியின் தொங்கும் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குத் தரைதான் பிடிக்கும்" என்றார், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர்போல. "கடைசில ஹாஸ்பிடல் பெட்ல, 'காலைக் கீழ வைக்கணும்டா, காலைக் கீழ வைக்கணும்டா'ன்னு சொல்லிண்டே இருந்தா. பெட் ஒசரம். நான் வைக்கவே இல்ல."

சாருலதாவின் தொண்டைக்குள் எல்லா வாக்கியங்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. ஒன்றைத்தான் வெளியே விட முடிந்தது. "இத இறக்கச் சொல்லுங்கோ சார்."

வெங்கி நேராகத் தலைவரிடம் போய்ச் சொன்னார். அம்மா பெயர் தாழ்ந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். தலைவர் அவர் தோளில் கை போட்டு, "வெங்கி, நீ புள்ள. உனக்கு பாசம் இருக்கு. பாசம் இருக்கறவாளுக்கு மரியாதை தெரியாது. அத நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

ஆனாலும் பணம் கொடுத்தவர் வாய்விட்டுச் சொன்னதை அப்படியே விடுவதற்கில்லை. ஒரு உபகமிட்டி போட்டார்கள்.

*

கட்டில் இறக்க உபகமிட்டியின் விதிகள் இவை. பாகீரதியம்மாள் திதியன்றும், அமாவாசையன்றும், ராகு காலத்திலும் இறக்கக்கூடாது. உறுப்பினர்கள் அனைவரும் முன்னிலையில் இருக்க வேண்டும். இறங்கும்போது எல்லோரும் கண்மூடிக் கைகூப்பி, அம்மையாரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். நோயாளியின் உறவினர்கள் அறைக்குள் இருக்கக்கூடாது. தெருவெல்லாம் சுற்றிய சக்கர நாற்காலியும் கூடாது.

உபகமிட்டி உறுப்பினர் அனைவரும் ஊரில் இருக்கிற ஒரு நாள் வாய்ப்பதற்குத் தீபாவளி தாண்டிவிட்டது. ஆறு மாதக் கணக்கை சாருலதா மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். செல்லப்பாண்டியும் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். வாய்க்கும் ஏதோ வந்துவிட்டது போல அவர் பேச்சு குறைந்துபோயிற்று. பூமாரி மட்டும் நாள் தவறாமல் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் பெல்ட் போட்டிருந்தாள்.

அன்று செல்லப்பாண்டியைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். பூமாரியும் நாற்காலியும் வராந்தாவில் நிறுத்தப்பட்டார்கள். உபகமிட்டி குளித்து, விபூதியிட்டு, கட்டிலின் பக்கவாட்டில் பலகையை நோக்கி வரிசையாக நின்றது. சாய்நாத் ரிமோட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தார்.

"அழுத்தலாமா?"

"அழுத்து" என்றார் தலைவர். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

கட்டில் மெல்ல முனகிக்கொண்டு இறங்கியது. சாருலதா செல்லப்பாண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் இடது பாதத்தைக் கையில் ஏந்தி, கூடவே கீழே கொண்டுவந்து, தரையில் பதித்தாள். வலது பாதம் தானாகத் தரையைத் தேடி வந்தது. பல மாதத்துக்குப் பிறகு இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் இருந்தன. அவர் குனிந்து பார்த்தார். வலது கை பின்னால் போய்த் தடவியது. கட்டில் இருந்தது. அகலமாக, அசையாமல் இருந்தது.

"முன்னால குனியுங்கோண்ணே" என்று ரகசியம்போலச் சொன்னாள். தன் இரண்டு முழங்கால்களாலும் அவருடைய இடது முழங்காலை அணைத்து அண்டை கொடுத்தாள். "இன்னும். மூக்கு கால்விரலுக்கு நேரா வரணும். பயப்படாதேங்கோ. இப்ப காலால தரைய அழுத்துங்கோ."

"விழுந்துருவேன் தாயி."

"நான் இருக்கேன்ல."

அவர் அழுத்தினார். இடது தொடை நடுங்கியது. நடுங்குகிறது என்றால் அது அவருடையதுதான். கட்டிலிலிருந்து உடம்பு கொஞ்சம் எழும்பியது. நின்றது. பிறகு மீதி உடம்பும் மேலே வந்தது. செல்லப்பாண்டி எழுந்து நின்றார்.

உபகமிட்டி கண்மூடி, கைகூப்பி, பாகீரதியம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. மாமியின் உதடுகள் அசைந்தன. தலைவரின் கண்ணோரம் ஈரம்கூட இருந்தது. அறையில் அத்தனை பேர் இருந்தும் அவர் நின்றதைச் சாருலதாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

"போதும். ரொம்ப நேரம் கீழ இருக்கப்படாது" என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே. சாய்நாத்தும் கண்ணைத் திறக்காமலே பொத்தானை அழுத்தினார்.

"மாமா..." என்றாள் சாருலதா.

கட்டில் முனகியது. செல்லப்பாண்டியின் முதுகுக்குப் பின்னால் அது ஏறிக்கொண்டே போய், முழு உயரத்துக்குப் போய் நின்றது. உபகமிட்டி பலகையை மட்டும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"ஏக்தம் ஸ்மூத்" என்றார் சாய்நாத்.

"ஒரு அபசகுனமும் இல்ல" என்றாள் மாமி.

நின்றுகொண்டிருந்தவரை வழியில் நிற்கிற தூண்போலச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரிமோட் பீரோவுக்குப் போயிற்று. ஹாலில் காபி டம்ளர்களின் சத்தம் எழுந்தது.

செல்லப்பாண்டியின் வலது கை பின்னால் போய்த் துழாவியது. உட்கார்ந்த இடம் அங்கே இல்லை. இடுப்புக்கு மேலே ஒரு விளிம்புதான் கையில் தட்டியது. அவருக்கு மூச்சு வாங்கியது. முழு பாரமும் அவள் தோளில் இறங்கியது.

"எம்மா. பின்னால ஒண்ணும் இல்லையே."

"இல்லண்ணே."

"எங்க உக்கார?"

சாருலதா அறையைப் பார்த்தாள். பழைய மேஜையும் முக்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் திறப்பு விழாவுக்கே வெளியே போய்விட்டன. உட்கார எதுவும் இல்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியும் பூமாரியும் இருந்தார்கள். தோள் வலித்தது. அவர் முழங்கால் அவள் முழங்கால்களுக்கு நடுவில் துடித்தது. ஆனால் மடங்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள். மடங்கவில்லை.

"நின்னுண்டுதான் இருக்கேள்ண்ணே" என்றாள். "நான் பாதிதான் பிடிச்சுண்டிருக்கேன். பாக்கி நீங்கதான்."

அவர் பின்னால் துழாவிய கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்து, அவள் தோளில் வைத்தார்.

"அக்காவைக் கூப்பிடட்டுமா? நாற்காலியைக் கொண்டு வருவா."

"கூப்பிடு. நாற்காலி வேண்டாம்" என்றார் செல்லப்பாண்டி. "அவ மட்டும் வரட்டும். வந்து பாக்கட்டும்."

சாருலதா மூச்சை இழுத்தாள்.

"பூமாரி அக்கா!"

ஹாலில் டம்ளர்ச் சத்தம் நின்றது. யார் அது, என்ன ஆச்சு, என்று யாரோ கேட்டார்கள். கதவு திறந்தது. பூமாரி ஒரு கையில் செருப்போடு வாசலில் நின்றாள். கணவனைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்திப் பழகியிருந்தவள், முதலில் நாற்காலி உயரத்தில்தான் தேடினாள். அங்கே அவர் இடுப்பு இருந்தது. பிறகு பார்வை மேலே போயிற்று.

"ஏ, என்னத்த அங்கன பாக்க?" என்றார் அவர். "நான் இங்கல்லா இருக்கேன்."